சிறையிலும் மலர் வளர்த்த செம்மல்

வையத்து வாழ்வு இன்பமும் துன்பமும் கலந்த ஒன்று என்பது பெரியோர் கண்ட உண்மை. துன்பம் சூழ்ந்த வேளையிலே மனிதன் எதனைப் பற்றி நிற்கிறான் என்பதைக் கொண்டே அவனுடைய உள்ளத்தின் உறுதியை அளந்துவிடலாம். சிலர் மதுவை நாடுவர். சிலர் சோர்ந்து மூலையிலே முடங்குவர். சிலர் பிறர்மீது சினந்து தம்மையும் எரித்துக்கொள்வர். வேறு சிலரோ ஒரு பாத்தி மண்ணைக் கொத்தி, அதிலே ஒரு விதையை ஊன்றி, முளை எப்பொழுது தலைகாட்டும் என்று காத்திருப்பர். இக்கடைசி வகையினரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இவ்வாண்டு மலரிலே அத்தகைய ஒருவரின் வாழ்வை எமது மன்ற இளைஞர் முன்னும் பெரியோர் முன்னும் வைக்க விழைகின்றோம்.

மலைநாட்டிலே வாழும் எமக்குத் தோட்டம் என்னும் சொல்லே வேறு பொருள் தருவது. பிற ஊராருக்குத் தோட்டம் என்றதும் பூவும் காயும் நினைவுக்கு வரும். எமக்கோ விடியற்காலைப் பெரட்டும், முதுகை அழுத்தும் கொழுந்துக் கூடையும், மழையும் அட்டைக் கடியும், லயத்து அறையின் புகையுமே நினைவுக்கு வரும். 1841ஆம் ஆண்டிலேயே சீனத் தேயிலைக் கன்றுகள் நடப்பெற்ற ரொத்சைல்ட் தோட்டம் எமது புசல்லாவையிலேதான் உள்ளது. கோப்பிக் காலந் தொட்டு இம்மலைகளைப் பசுமையாக்கிய கைகள் எம் முன்னோருடைய கைகளே. ஆகவே, தோட்டத்திலே ஆறுதல் கண்ட ஒருவரின் கதையை நாம் எழுதப் புகுந்தால், அது உழைப்பையும் வறுமையையும் மறந்த கதையாக இருத்தல் ஆகாது. மறவாத ஒருவர் இருந்தார். எம் மக்கள் கையால் மலர் பெற்றவர் அவர். பின்னர்ச் சிறைக்குள்ளே தம் கையால் மலர் வளர்த்தவரும் அவரே. ஆசிய ஜோதி என்று நம் முன்னோர் போற்றிய பண்டித ஜவாஹர்லால் நேருவே அவர்.

செல்வ மனையும் செடிகொடிக் கல்வியும்

ஜவாஹர்லால் 1889ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அலகாபாத்திலே பிறந்தார். தந்தையார் மோதிலால் நேரு பெரும் புகழ் படைத்த வழக்கறிஞர். தாயார் சொரூபராணி அம்மையார். இவர்தம் முன்னோர் காஷ்மீரத்துப் பண்டிதர்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவர்கள் டில்லிக்கு வந்து ஒரு கால்வாய்க் கரையிலே குடியிருந்தனர். கால்வாயைக் குறிக்கும் நஹர் என்ற சொல்லிலிருந்தே நேரு என்னும் குடிப்பெயர் தோன்றிற்று. நீரோடும் கரையின் பெயரைத் தாங்கிய குடியிலே பிறந்தவர், வாழ்நாள் முழுவதும் கங்கையையும் மலைகளையும் காதலித்ததிலே வியப்பில்லை.

அவர் சிறுவனாயிருந்தபோது குடும்பம் ஆனந்த பவனத்திற்குக் குடிபெயர்ந்தது. விரிந்த தோட்டமும் நீந்துவதற்குக் குளமும் கொண்ட மாளிகை அது. 1905ஆம் ஆண்டிலே இங்கிலாந்து சென்று ஹரோ பள்ளியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கற்றார். அங்கே அவர் பயின்றவை இரசாயனம், நிலவியல், தாவரவியல் ஆகிய மூன்றுமாம். செடிகொடிகளையும் மண்ணையும் பாறையையும் நூல்முறையாகக் கற்ற அக்கண், பிற்காலத்திலே சிறைமுற்றத்தின் கற்குவியலைக் கண்டபோதும் அதனை வெறுங்கல்லாக மட்டும் காணவில்லை. 1912ஆம் ஆண்டிலே சட்டம் முடித்து நாடு திரும்பினார். 1916ஆம் ஆண்டு வசந்த பஞ்சமி நாளிலே டில்லியில் கமலா அம்மையாரை மணம் புரிந்தார்.

எட்டாத குகையும் காணாத கயிலையும்

மணமான அவ்வாண்டு கோடையிலே குடும்பத்தார் காஷ்மீரத்திற்குச் சென்றனர். ஜவாஹர்லால் தம் உறவினர் ஒருவரோடு சோஜிலா கணவாயைத் தாண்டி மலைகளிலே நடந்தார். பனிமலைகளுக்கு அப்பால் எட்டுக் கல் தொலைவிலேதான் அமரநாதர் குகை உள்ளது என்று கேள்வியுற்று, சிலரைத் துணைகொண்டு விடியுமுன் புறப்பட்டார். கயிற்றால் தம்மைப் பிணைத்துக்கொண்டு பனிவெளிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தனர். மூச்சுத் திணறிற்று. சுமையாளர் சிலர் இரத்தம் கக்கினர். பல மணி நேரம் ஏறிய பின் ஒரு பரந்த பனிவெளி தோன்றிற்று. அதைக் கடந்தால் குகை எனக் கருதி நடந்தபோது, புதுப்பனி மூடியிருந்த பெரும்பிளவொன்றிலே ஜவாஹர்லாலின் கால் வழுக்கிற்று. அவர் உள்ளே விழுந்தார். இடுப்பிலே கட்டிய கயிறு தாங்கிற்று. தோழர் இழுத்து மீட்டனர். மேலும் செல்லச் செல்லப் பிளவுகள் அகன்றமையால், குகையைக் காணாமலே திரும்ப நேர்ந்தது.

மீண்டும் வருவேன் என்று எண்ணியே அவர் இறங்கினார். கயிலை மலையையும் மானசரோவரத்தையும் காணவேண்டும் என்ற ஆசையும் நெஞ்சிலே வேரூன்றியது. ஆனால் 1919ஆம் ஆண்டிலே ஜாலியன்வாலா பாக்கிலே இரத்தம் சிந்திற்று. காந்தியடிகளின் அழைப்பு எழுந்தது. 1921ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே முதன்முறையாகச் சிறை புகுந்தார். மலைக்குப் போகவேண்டிய கால்கள் சிறைமுற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தன. 1945ஆம் ஆண்டு வரை 9 முறை சிறைப்பட்டு, ஏறத்தாழ 9 ஆண்டுகளை அவர் சிறைகளிலே கழித்தார். கயிலையைக் கடைசிவரை அவர் காணவேயில்லை.

எம் மலையிலே இரு வாரங்கள்

1931ஆம் ஆண்டு அவருடைய வாழ்விலே கொடுமையான ஆண்டு. பெப்ரவரி 6ஆம் நாள் தந்தையார் மோதிலால் காலமானார். அந்தத் துயர் ஆறுமுன்னரே காந்தி - இர்வின் உடன்படிக்கை மார்ச் 5ஆம் நாள் கைச்சாத்தாயிற்று. அதன் விதிகள் சில ஜவாஹர்லாலின் உள்ளத்தை வருத்தின. அதே மாதத்திலே பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். தொடர்ந்து கராச்சியிலே காங்கிரஸ் மகாசபை கூடிற்று. உடலும் உள்ளமும் ஒருங்கே தளர்ந்த நிலையிலே, ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர்கள் வற்புறுத்தினர். அதற்கு அவர் தேர்ந்துகொண்ட நாடு எமது இலங்கை. ஏப்ரல் மாதத்திலே கமலா அம்மையாரோடும், 13 வயது மகள் இந்திராவோடும் கப்பலேறினார். சிறையிலிருந்து மகளுக்கு உலக வரலாற்றைக் கடிதங்களாக எழுதிவந்தவர், மகள் அருகிலிருந்த அக்கப்பற் பயணத்திலும் எழுதினார்.

இத்தீவின் பழம்பெரும் இடங்களையும் அடர்ந்த காடுகளையும் கண்டபின், நுவரெலியாவிலே ஒரு சிறு வீட்டில் இரு வாரங்கள் தங்கினர். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை எனக் கண்டி வீதி ஏறிச் சென்று முடியும் அந்தக் குளிர்மலையிலே, அவர்கள் எதிர்பாராத விருந்தினர் நாள்தோறும் வந்தனர். தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் பிற ஏழை மக்களுமே அவர்கள். பல கல் தூரம் கால்நடையாக நடந்து வந்தனர். வெறுங்கையோடு வரவில்லை. காட்டுப் பூக்களைப் பறித்து வந்தனர். தம் கையால் விளைத்த காய்கறிகளைக் கொண்டுவந்தனர். வீட்டிலே கடைந்த வெண்ணெயையும் கொண்டுவந்தனர். அவர்கள் பேசிய மொழி நேருவுக்குத் தெரியாது. நேரு அறிந்த மொழிகள் அவர்களுக்குத் தெரியா. ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை புரிந்ததே உரையாடலாயிற்று. அந்தச் சிறுவீடு ஏழைகளின் அன்பளிப்புக்களால் நிரம்பி வழிந்தது. அவற்றை அவர்கள் அவ்வூர் மருத்துவமனைக்கும் அநாதை இல்லங்களுக்கும் அனுப்பிவைத்தனர். இச்செய்திகளையெல்லாம் நேருவே தம் சுயசரிதத்திலே நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்.

இளைஞர்காள், இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அக்காலத்திலே தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு ஏது? கூலி எவ்வளவு? துரைமாரின் சொல்லுக்கும் கங்காணியின் பற்றுக்கணக்குக்கும் நடுவே நெருக்குண்டவர் அவர். பல கல் நடந்து போனது எதையும் கேட்டுப் பெறுவதற்கன்று, கொடுப்பதற்கே. அதிலும் கொடுத்தது பூவை. உண்ணவும் உடுக்கவும் உதவாத பூவை! வறியவருக்கு வயிறு மட்டுமே உண்டு, அழகை உணரும் உள்ளம் இல்லை என்று கருதுவோருக்கு எம் பாட்டன் பாட்டிமார் அன்றே விடை கூறிவிட்டனர் அன்றோ!

அந்த நாட்களிலே இன்னொன்றும் நிகழ்ந்தது. மணமாகிப் 15 ஆண்டுகள் கழிந்தும், சிறையும் அரசியலும் பிரித்துவைத்த கணவனும் மனைவியும், இலங்கையிலேதான் ஒருவரையொருவர் புதிதாகக் கண்டுகொண்டதுபோல் உணர்ந்தனர். இதனையும் நேரு பிற்காலத்திலே எழுதிய தமது நூலொன்றிலே நினைவுகூர்ந்துள்ளார். நாடு திரும்பும் வழியிலே கன்னியாகுமரி முனையின் அமைதியை அநுபவித்து, திருவாங்கூர், கொச்சி, மைசூர், ஐதராபாத் வழியாகச் சென்றனர். அவ்வாண்டு முடியுமுன், டிசம்பர் 26ஆம் நாள், மீண்டும் கைதானார். ஓய்வு அவ்வளவே.

மேசைமீது ஒரு படம், வாயிலிலே நான்கு அரசமரங்கள்

1932ஆம் ஆண்டிலே டேராடூன் சிறைக்கு மாற்றப்பட்ட அவர், அங்கே 14 மாதங்களுக்கு மேல் ஒரு சிறு அறையிலே இருந்தார். சுவரின் ஒவ்வொரு வடுவும் அவருக்குப் பழகிப்போயிற்று. அநுராதபுரத்திலே அவர் கண்டு மகிழ்ந்த அமர்ந்த கோலப் புத்தர் சிலையின் படத்தை, இலங்கை நண்பர் ஒருவர் அங்கே அனுப்பிவைத்தார். அதனைத் தம் சிறுமேசைமீது வைத்துக்கொண்டார். மனம் சோர்ந்த வேளைகளிலெல்லாம் அந்தக் கல்முகத்தின் வலிமையும் சாந்தமும் தமக்குத் துணைநின்றதாக அவர் கூறியுள்ளார். எம் தீவிலே சென்ற சிறுபயணம், சிறையறைக்குள்ளும் அவரைத் தொடர்ந்து சென்று ஆறுதல் தந்தது.

டேராடூன் சிறையிலே சில காலம் வாயிலுக்கு வெளியே சிறிது நேரம் உலாவ விட்டனர். அங்கிருந்து இமயத்தின் மலைகளைக் காணலாம். வாயிலருகே நான்கு அரசமரங்கள் நின்றன. குளிர்காலத்திலே இலையெல்லாம் உதிர்த்து எலும்புக்கூடாக நின்ற அவை, இளவேனில் வந்ததும் திடீரெனத் தளிர்த்ததை நாள்தோறும் பார்த்தார். மாந்தளிரின் செந்நிறம் காஷ்மீரத்து மலைகளின் இலையுதிர்கால நிறத்தை அவருக்கு நினைவூட்டிற்று. லக்னோ சிறையிலே அசையாது அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். அணிற்பிள்ளை ஒன்று காலின்மீது ஏறி முழங்காலிலே இருந்து அவர் முகத்தை உற்றுப் பார்க்கும். தாயிழந்த அணிற்குஞ்சுகளுக்கு, மையூற்றும் குழாயின் நுனியிலே பஞ்சு சுற்றிப் பால் புகட்டிய செய்தியும் உண்டு. 196 கடிதங்களாக அமைந்த உலக வரலாறு 1933ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் டேராடூன் சிறையிலேதான் நிறைவெய்தியது. அரசமரத்தைப் பார்த்த கண் வேலையை மறக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்து வந்த துயரம் முன்னவை அனைத்திலும் பெரிது. கமலா அம்மையார் காசநோயால் வாடினார். 1934ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே நேருவை அல்மோராச் சிறைக்கு மாற்றினர். அம்மையார் சிகிச்சை பெற்ற போவாலி அதற்கு அணித்து. சுயசரிதத்தின் பிற்பகுதி அந்த மலைச்சிறையிலே எழுதப்பட்டது. 1935ஆம் ஆண்டு செப்டம்பரிலே விடுதலை பெற்று ஐரோப்பாவுக்கு விரைந்தார். 1936ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலே கமலா அம்மையார் கண்மூடினார். அஸ்தியோடு திரும்பும் வழியிலே, பாக்தாத் நகரிலிருந்து தந்தி கொடுத்துத் தம் சுயசரிதத்தை அம்மையாரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நுவரெலியாவில் கழித்த இரு வாரங்கள் எத்துணை அரியவை என்பது அப்பொழுது அவருக்கு விளங்கியிருக்கும் என்றே நாம் கருதுகின்றோம்.

மீண்டும் இலங்கைக்கு

1939ஆம் ஆண்டு ஜூலையிலே நேரு மீண்டும் இங்கு வந்தார். இம்முறை ஓய்வுக்காக வரவில்லை. அரசாங்கப் பகுதிகளிலே நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளரை நீக்க அன்றைய இலங்கை அமைச்சர்கள் முடிவு செய்தனர். அதுபற்றிப் பேசுவதற்கு இந்தியக் காங்கிரஸின் தூதராக வந்தார். பேச்சு வெற்றி பெறவில்லை. ஆயினும் பல குழுக்களாகப் பிரிந்து கிடந்த இந்திய வம்சாவளியினர் ஒன்றுபடவேண்டும் என்று அவர் வற்புறுத்தியதன் பயனாக, அந்த மாதத்திலேயே இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. அதன் தொழிற்சங்கப் பிரிவே பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் கொண்டது. 1931ஆம் ஆண்டிலே மலர் கொடுத்தவர்களுக்கு 1939ஆம் ஆண்டிலே அவர் செலுத்திய கைம்மாறு இது எனலாம்.

கோட்டைக்குள் மலர்ப்பாத்தி

1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தின் மறுநாள் விடியலிலே, காந்தியடிகளும் காங்கிரஸ் தலைவர்களும் கைதாயினர். நேரு, ஆசாத், பட்டேல் முதலிய 12 பேர் அகமதுநகர்க் கோட்டையிலே அடைக்கப்பட்டனர். தொடக்கத்திலே செய்தித்தாளும் இல்லை, கடிதமும் இல்லை. வெளியே நாடு கொந்தளித்தது. உலகம் போர்த்தீயிலே வெந்தது. 1943ஆம் ஆண்டிலே வங்காளத்துப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டது. செய்தி காதில் விழுந்தும் கையால் ஒன்றும் செய்யவியலாத நிலையே சிறையின் மிகக் கொடிய தண்டனை.

அந்நிலையிலே நேரு மண்வெட்டியைக் கையிலெடுத்தார். முற்றத்து மண் நல்ல மண்ணன்று. கல்லும், பழைய கட்டடங்களின் இடிபாடும் நிறைந்த கடுமண். வெயிலிலே நின்று நாள்தோறும் கொத்தி, கல் பொறுக்கி, பாத்தி கட்டினார். தோழரும் உடன் உழைத்தனர். வெறுமையாய்க் கிடந்த முற்றத்திலே பூக்கள் மலர்ந்தன. தோண்டத் தோண்ட வெளிப்பட்ட பழஞ்சுவர்களின் சிதைவுகள், அக்கோட்டையைக் காத்துப் போர் புரிந்த வீரமாது சாந்த் பீபியின் காலத்தை நினைவூட்டின. பின்னர் அவர் வேறொரு தோண்டுதலைத் தொடங்கினார். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, 5 மாதங்களிலே, இந்தியாவின் பழமையைத் துருவி ஆராய்ந்து பெருநூல் ஒன்றை எழுதி முடித்தார். அந்நூலின் தொடக்கத்திலேயே தம் தோட்டவேலையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சிறையிலே பாத்தி கட்டுபவனுக்கு அந்தப் பூவைத் தான் பார்ப்பான் என்ற உறுதி இல்லை. இன்றிரவே வேறு சிறைக்கு மாற்றலாம். 1945ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே அவ்வாறே நிகழ்ந்தது. பாத்திகளைக் கைவிட்டு நேரு கோட்டையை நீங்கினார். ஜூன் 15ஆம் நாள் அல்மோராவிலே விடுதலை பெற்றார். பலனை எதிர்பாராது கடமையைச் செய் என்ற கீதையின் நெறிக்கு, அந்தக் கோட்டை முற்றத்தைக் காட்டிலும் எளிய விளக்கம் எங்கே கிடைக்கும்?

தீராத கடன்

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. நேரு முதற் பிரதமரானார். பிரிவினையின் இரத்த வெள்ளமும், 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் கொலையுண்டதும் அவரை உலுக்கின. தீன்மூர்த்தி மாளிகையின் தோட்டத்து ரோஜா மலரொன்று அவர் சட்டையை அலங்கரித்ததை உலகமே அறியும். அது அலங்காரம் மட்டுமன்று, கல்முற்றத்திலே பூக்கண்டவரின் பழக்கம் என்றே நாம் கொள்வோம். 1958ஆம் ஆண்டிலே, 68 வயதிலும், இமயத்தின் உயர்ந்த கணவாய்களைக் கடந்து பூட்டானுக்குச் சென்றார். மலையாசை முதுமையிலும் தணியவில்லை.

ஆனால் எம் மக்களுக்கோ சோதனைக்காலம் தொடங்கிற்று. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. இம்மண்ணிலே பிறந்து உழைத்தவர் இம்மண்ணின் குடிமக்களே என்பதுதான் நேருவின் நிலை. அவர்களை ஒட்டுமொத்தமாக இந்தியப் பிரஜைகளாக ஏற்க அவர் இசையவில்லை. 1954ஆம் ஆண்டிலே சேர் ஜோன் கொத்தலாவலையோடு செய்த உடன்படிக்கையும் சிக்கலைத் தீர்க்கவில்லை. நீதியை நாடிய அந்நிலையே, இரு நாடும் ஏற்காத மக்களாக எம்மவரை நெடுங்காலம் நடுத்தெருவில் நிறுத்தியது என்று வருந்திய பெரியோரும் உளர். அவர்தம் வருத்தத்தைப் பொய்யென்று தள்ள நாம் துணியோம். நேரு மறைந்து 5 மாதங்களில், 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியா செல்லவும் 300,000 பேர் இங்கே உரிமை பெறவும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டது. எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன. இங்கே எஞ்சியிருந்த நாடற்றோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே தீர்வு கண்டது. மலர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வரை அந்தக் கடன் நீண்டுவிட்டது.

1962ஆம் ஆண்டு அக்டோபரிலே நேரு மீண்டும் இலங்கைக்கு வந்து சென்ற சில நாட்களில் சீனப்போர் மூண்டது. அதன் பின் அவர் உடல்நலம் குன்றிற்று. 1964ஆம் ஆண்டு மே மாதத்திலே சில நாள் ஓய்வுக்காக அவர் நாடிய ஊர் டேராடூன். ஒரு காலத்திலே சிறைவாயிலில் நின்று மலைகளைப் பார்த்த அதே ஊர்! மே 26ஆம் நாள் டில்லி திரும்பினார். மறுநாள், மே 27ஆம் நாள், அவர் ஆவி பிரிந்தது. தம் சாம்பலிலே ஒரு பிடியைக் கங்கையிலே விடவும், பெரும்பகுதியை வானூர்தியிலிருந்து உழவர் பாடுபடும் வயல்களின்மேல் தூவவும் 1954ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருந்தார். அவ்வண்ணமே செய்தனர். மண்ணைக் கொத்தியவர் மண்ணோடு கலந்தார்.

நமக்குரிய பாடம்

நேரு சடங்குகளிலே பற்றுடையவரல்லர். கோயில் வழிபாட்டாளரும் அல்லர். அவ்வாறிருக்க ஓர் இந்து இளைஞர் மன்றத்தின் மலரிலே அவர் கதை எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். உபநிடதங்களுக்கும் கீதைக்கும் தம் நூலிலே தனியிடம் தந்து எழுதியவர் அவர். கங்கையை வாழ்நாளெல்லாம் நேசித்தவர். இவை ஒருபுறமிருக்க, மலர் வளர்ப்பதும் யாத்திரை செய்வதும் எமது சமயத்திற்குப் புதியனவல்ல. திருப்புகலூரிலே மலர் பறித்து மாலை தொடுத்தே முத்தி பெற்றவர் முருக நாயனார். உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களைத் திருத்தியவர் அப்பர் பெருமான். வில்லிபுத்தூரிலே நந்தவனம் அமைத்தவர் பெரியாழ்வார். கதிர்காமத்திற்கும் சிவனொளிபாத மலைக்கும் கால்நடையாகச் சென்ற முன்னோர் எம்முடையவர். நந்தவனத் தொண்டும் பாதயாத்திரையும் உள்ளத்தைத் தூய்மையாக்கும் என்பதை எம் சமயம் என்றோ கூறிவிட்டது. அந்த உண்மையை அரசியற் சூறாவளியின் நடுவிலே வாழ்ந்து காட்டியவர் என்பதனாலேயே நேருவை இங்கே நினைக்கின்றோம்.

ஊர் துன்புறும்போது பூவை ரசிப்பது பொறுப்பின்மை அன்றோ என்று இளைஞர் கேட்பதுண்டு. நல்ல கேள்வியே. கடமையிலிருந்து ஓடி ஒளிவதற்குத் தோட்டத்தை நாடினால் அது பொறுப்பின்மைதான். கடமைக்குத் திரும்புவதற்காக நாடினால் அது மருந்து. இரு வாரம் நுவரெலியாவிலே தங்கியவர் அவ்வாண்டிலேயே சிறை புகுந்தார். காலையிலே பாத்தி கட்டியவர் மாலையிலே நூல் எழுதினார். வேலை இழந்தும், விளைச்சல் குறைந்தும், பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கொழும்புக்கும் கடல் கடந்தும் சென்றும் எம் வீடுகளிலே கவலை மிகுந்துள்ள காலம் இது. சோர்ந்த இளைஞன் சாராயக்கடை வாசலிலே நிற்பதைக் காட்டிலும் ஒரு பாத்தியருகே நிற்பது நன்று. பேராதனைப் பூங்காவும் ஹக்கலைப் பூங்காவும் எமக்குத் தொலைவிலில்லை. ஆனால் அவ்வளவு தூரமும் போகவேண்டுவதில்லை. லயத்து வாசலிலே தகர டப்பாவில் ரோஜாவும் செவ்வந்தியும் வளர்க்கும் தாய்மார் எம்மிடையே இன்றும் இருக்கின்றனர். நாள் முழுவதும் பிறருக்காகக் கொழுந்து கிள்ளிய கை, அந்தியிலே தனக்கென ஒரு செடிக்கு நீர் வார்க்கிறது. நுவரெலியாவுக்குப் பூக்கொண்டு நடந்த கையும் அதுவே.

ஆகவே, மன்றத்து இளைஞர்களே, இவ்வாண்டிலே ஒவ்வொருவரும் ஒரு செடியேனும் நடுங்கள். கோயில் முற்றத்திலே இடமிருந்தால் நந்தவனமாக நடுங்கள். பள்ளி முற்றத்திலும் லயத்து முன்றிலிலும் நடுங்கள். ஆண்டிலே ஒருமுறையேனும் பெரியோரை அழைத்துக்கொண்டு ஒரு மலைக்கோ திருத்தலத்திற்கோ நடந்து செல்லுங்கள். வழியிலே அவர்கள் கதைகளைக் கேளுங்கள். நட்ட செடி பூக்கும்போது நாம் இவ்வூரிலே இருப்போமோ, வேறூரிலே இருப்போமோ, யார் அறிவார்? யாரோ ஒருவர் அந்தப் பூவைப் பறித்து இறைவனுக்குச் சூட்டுவார். துயருற்ற அயலாருக்குக் கொடுக்கவும் கூடும். அதுவே போதுமானது.

வாழ்க நேருவின் நாமம்! வளர்க நம் நந்தவனங்கள்!